ஓ.டி. பாக்கியைக் கேட்டு வாங்குவது எப்படி: நேரக் குறிப்பு முதல் புகார் மனு வரை

ஓ.டி. (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலை) காசு வரவில்லை என்று யோசனை கேட்டு வருபவர்களில் பலர் அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டே வருகிறார்கள். ஒன்று, மேனேஜரிடம் சத்தம் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் பணம் கேட்க வழி உண்டு. ஆனால் பஞ்ச் ரெக்கார்டும் (வந்துபோன நேரப் பதிவு) ஷிஃப்ட் சார்ட்டும் அதற்குள் கைக்கு எட்டாமல் போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். தேவையான இடத்தில் அந்தந்த நாட்டின் விதியைச் சொல்கிறேன். செய்யவேண்டிய வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

வேலை நியமனக் கடிதம், ஒப்பந்தம், கம்பெனி விதிப் புத்தகம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், ஷிஃப்ட் சார்ட், லீவ் விண்ணப்பங்கள். வெளிநாட்டில் வேலை என்றால் விசா, வேலை அனுமதி, பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகலும் வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருந்தால், எந்தத் தேதியில் யார் வாங்கினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பணம் கேட்ட மறுநாளே சம்பளச் சீட்டு பார்க்கும் லாகின் வேலை செய்யாமல் போகலாம். கேட்பதற்கு முன் எடுத்தால் அது வழக்கமான காரியம். கேட்ட பிறகு எடுத்தால் ‘கம்பெனி தகவலைத் திருடினார்’ என்று திருப்பிவிட இடம் கிடைக்கும்.

எதை எடுக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. உங்கள் பெயரில் உள்ளதை, உங்களுக்கு என்று கொடுத்ததை மட்டும் எடுங்கள். அடுத்தவர் சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், கம்பெனியின் உள்கணக்கு எதையும் தொடாதீர்கள். கம்பெனி லேப்டாப்பிலோ கம்பெனி மெயிலிலோ எதையும் சேமிக்க வேண்டாம். அவை ஒரே நாளில் கையை விட்டுப் போகும்.

மேனேஜர் பேசுவதை ரகசியமாக ரெக்கார்ட் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில நாடுகளில் அதுவே குற்றம். உங்கள் இடத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று உறுதியாகத் தெரியாமல் செய்யாதீர்கள். பேச்சு முடிந்ததும் ஒரு மெயில் போடுவது அதைவிட நல்ல சான்று. அதை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

2. காலக்கெடுவைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

பாக்கி கேட்க எல்லா இடத்திலும் கெடு உண்டு. சிங்கப்பூரில் சம்பளப் பாக்கிப் புகாரை ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 2 வருடம். முதலாளி தெரிந்தே மீறினார் என்று காட்ட முடிந்தால் 3 வருடம். இந்தியாவின் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 3 வருடம் தருகிறது.

இதில் தவறுபவர்கள் அதிகம். கெடு பெரும்பாலும் ஒவ்வொரு சம்பளத் தேதிக்கும் தனித்தனியாக ஓடும். அதாவது நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும், வரிசையில் பின்னால் இருக்கும் பழைய மாதம் ஒன்று கழன்றுவிடும். ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்’ என்று எச்.ஆர். வாயால் சொல்வதால் அந்த ஓட்டம் நிற்காது.

சில புகார்களுக்குப் பாதையே வேறு. பாலியல் தொல்லை அப்படிப்பட்டது. இந்தியாவில் 2013 சட்டப்படி சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் இதை விசாரிக்க அங்கேயே அமைத்த உள்ளக் குழுவிடம், எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைச் சம்பளப் பாக்கி மனுவின் நாலாவது பத்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் கெடு போய்விடும்.

3. ஓ.டி. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

எல்லா ஊழியருக்கும் ஓ.டி. கிடையாது. சம்பள வரம்பு, வேலையின் தன்மை, துறை ஆகிய மூன்றில் ஒன்றை வைத்துச் சட்டம் கோடு கிழிக்கும். சிங்கப்பூரில் உடலுழைப்பாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை. மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ் வேலைக்குக் கிடையாது. மலேசியாவில் 4,000 ரிங்கிட் வரை. வீட்டு வேலையாட்களைப் பல நாடுகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே தள்ளியோ தனிச் சட்டத்தில் வைத்தோ நடத்துகின்றன.

‘உங்களை டீம் லீட் ஆக்கிவிட்டோம், இனி ஓ.டி. இல்லை’ என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். பெரும்பாலான சட்டங்கள் விசிட்டிங் கார்டில் உள்ள பதவியைப் பார்ப்பதில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. ஆள் சேர்க்க, நீக்க, லீவ் தர உங்களுக்கு அதிகாரம் உண்டா? அல்லது பழைய வேலையோடு சேர்த்து மற்றவர்களின் வருகைப் பதிவையும் பார்க்கிறீர்களா? ஒரு வாரத்தில் செய்த வேலைகளை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் பிறகு உதவும்.

ஒப்பந்தத்தில் ‘சம்பளத்தில் ஓ.டி. அடங்கும்’ என்று ஒரு வரி இருக்கலாம். சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் குறைக்க முடியாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. அதே ஒப்பந்தம் சட்டத்தைவிட அதிகம் தந்தால், அந்த அதிகத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

4. நேரக் குறிப்பும் கணக்கும்

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. மற்ற எல்லாப் படியையும் சேர்த்தாலும் இதற்கு ஆகும் நேரம் ஆகாது.

ஒரு சாதா நோட்டு போதும். அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பினால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கட்டும்:

‘செவ்வாய், 12. ஷிஃப்ட் 9 முதல் 6 வரை, நடுவில் 1 மணி நேரம் இடைவேளை. உள்ளே 8.40. வெளியே 7.25. சாப்பாட்டுக்கு 1.00 முதல் 1.20 வரைதான், லோடு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கூடுதல்: காலை மெஷின் சூடேற்ற 20 நிமிடம், மதியம் 40 நிமிடம், மாலை 85 நிமிடம். மாலை நிற்கச் சொன்னது ஷிஃப்ட் சூப்பர்வைசர்.’

கூட்டினால் 145 நிமிடம், 2 மணி 25 நிமிடம். மாலை ஓ.டி. மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். ஷிஃப்ட் கைமாற்ற நிற்பது, கடையை அடைத்த பிறகு கல்லாக் கணக்கு முடிப்பது, கட்டாயப் பயிற்சி, இரவு வீட்டிலிருந்து எடுக்கும் வேலை போன் எல்லாம் இப்படித்தான் கணக்கில் ஏறாமல் போகின்றன. இவை எல்லாமே எல்லா நாட்டிலும் வேலை நேரமாக ஏறும் என்று சொல்ல முடியாது. முதலில் எழுதுங்கள், கழிப்பதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

யார் நிற்கச் சொன்னார் என்ற விவரத்தை விடாதீர்கள். ‘நாங்கள் நிற்கச் சொல்லவே இல்லை, அவராக நின்றார்’ என்பதுதான் கம்பெனியின் முதல் பதிலாக இருக்கும். அன்று அனுப்பிய மெயில், அடித்த பில், குரூப்பில் வந்த ‘இதை முடித்துவிட்டுப் போ’ மெசேஜ் ஆகியவை அந்தப் பதிலை உடைக்கும்.

இத்தனை நாள் எழுதவில்லையே என்றால் அதற்கும் வழி உண்டு. பஸ் பாஸ், போன் லொகேஷன், மெயில் நேரம், வாசலில் போட்ட கையெழுத்து இவற்றை வைத்து வாரவாரியாக ஒரு மதிப்பீடு போடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இல் மவுண்ட் கிளெமன்ஸ் மண்பாண்டக் கம்பெனி வழக்கில் இதை ஏற்றது. நேரப் பதிவு வைக்கவேண்டிய முதலாளி ஒழுங்காக வைக்காவிட்டால் ஊழியரின் நியாயமான மதிப்பீடு போதும், அது தப்பு என்று காட்டும் பாரம் முதலாளிக்குப் போகும் என்றது தீர்ப்பு. ஆனால் மதிப்பீட்டை மதிப்பீடு என்றே எழுதுங்கள். அதைத் தினக்குறிப்பு போல் காட்டி ஒரு நாள் லீவில் இருந்தது வெளிவந்தால் மொத்த நோட்டுக்கும் மரியாதை போய்விடும்.

இனி கணக்கு. மூன்று கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: எந்த மணி நேரத்துக்கு மேல் ஓ.டி.? சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் வாரக் கணக்கு, சில இடங்களில் இரண்டும். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால்தான் உண்டு. ஒரு நாள் மட்டும் 11 மணி நேரம் வேலை பார்த்தால் அந்தச் சட்டப்படி எதுவும் இல்லை. மலேசியாவில் வார வரம்பு 45 மணி நேரம். இரண்டு கணக்கும் உள்ள நாட்டில் ஒரே மணி நேரத்தை இரண்டு தரம் எண்ணிவிடாதீர்கள். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது: எத்தனை மடங்கு? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919 முதல் உடன்படிக்கை குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்றது. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா ஒன்றரை மடங்கு. மலேசியாவில் பொது விடுமுறையில் ஓ.டி. பார்த்தால் மூன்று மடங்கு. இந்தியாவில் 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்ன இரு மடங்கை 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒன்றேகால், இரவு 10 முதல் 4 வரை என்றால் ஒன்றரை. ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரவு விகிதம் பொருந்தாது.

மூன்றாவது: எதன் மடங்கு? பணம் பெரிதாக மாறுவது இங்கேதான். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கு. அமெரிக்காவில் சில போனஸ்களும் மணி விகிதத்துக்குள் வரும். மாதச் சம்பளத்தை மணிக்கு மாற்ற எதால் வகுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 26,000-ஐ 26 நாள், 8 மணி நேரம் என்று 208-ஆல் வகுத்தால் மணிக்கு 125. முப்பது நாள் என்று 240-ஆல் வகுத்தால் 108 சொச்சம். இரட்டிப்பாக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 33-க்கு மேல் வித்தியாசம். சிங்கப்பூரில் சூத்திரமே உண்டு: மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல் வகுக்க வேண்டும். 2,288 வெள்ளி வாங்குபவருக்கு மணிக்குச் சரியாக 12 வெள்ளி, ஓ.டி. 18 வெள்ளி.

அரை மணி நேரத்துக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடும் பழக்கம் உள்ள இடமென்றால் அதையும் தனியாகக் கூட்டுங்கள். தினம் 25 நிமிடம் வெட்டினால் 26 நாளில் 10 மணி 50 நிமிடம் ஆகிறது.

முடிவில் ஒரு அட்டவணை வர வேண்டும்: மாதம், கூடுதல் மணி, மணி விகிதம், வரவேண்டியது, வந்தது, பாக்கி. காம்ப் ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான லீவ்) எடுத்திருந்தால் அந்த நாளையும் காட்டுங்கள். உங்களுக்குப் பாதகமான விவரத்தை நீங்களே காட்டினால் மீதிக் கணக்கை நம்புவார்கள்.

5. எழுத்தில் கேளுங்கள்

முதல் கடிதத்தில் மிரட்டல் வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம். சம்பளப் பிரிவில் உண்மையாகவே தவறு நடந்திருக்கலாம். இந்தக் கடிதம் அதைத் திருத்த அவர்களுக்குக் கௌரவமான வழி கொடுக்கிறது. திருத்தாவிட்டால், இன்ன தேதியில் கேட்டேன் என்பதற்கு அதுவே சான்று.

‘மார்ச் முதல் மே வரை நான் பார்த்த கூடுதல் நேரம் 61 மணி. சம்பளச் சீட்டில் 18 மணிக்கு மட்டும் தொகை வந்துள்ளது. நாள்வாரிக் கணக்கை இணைத்துள்ளேன். மீதி 43 மணிக்கான தொகையை அடுத்த சம்பளத்தோடு சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் வேறுபாடு இருந்தால் உங்கள் பதிவின் நகலோடு 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’

இவ்வளவு போதும். ‘நான் ராப்பகலாக உழைத்தேன், என் குடும்ப நிலைமை’ என்று தொடங்கும் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். பதிலும் அனுதாபமாகவே வரும், தொகை வராது.

மெயிலில் அனுப்புவதானால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். காகிதத்தில் என்றால் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால்.

கூப்பிட்டுப் பேசினால் போய்ப் பேசுங்கள். வெளியே வந்ததும் அன்றே ஒரு மெயில்: ‘இன்று மதியம் பேசியதில், பாக்கியை இரண்டு தவணையில் தருவதாகச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதில் தவறிருந்தால் திருத்தவும்.’ மறுப்பு வராமல் இருந்தால் அந்த மெயிலுக்குக் கனம் கூடும்.

உங்களைப் போல நாலு பேர் இருந்தால் சேர்ந்து கேட்பது நல்லது, ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்துத் தொல்லை தருவது கடினமாகும். கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜரைத் திட்டி எழுத வேண்டாம். அதன் ஸ்க்ரீன்ஷாட் மேனேஜரிடம் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

6. கேட்ட பிறகு நடப்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள்

ஷிஃப்ட் மாற்றம், தூரத்துக் கிளைக்கு மாற்றல், வரிசையாக மெமோ, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது. பணம் கேட்டவருக்கு இவை வரலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேனேஜர் கடுகடுப்பாக இருப்பதும் ஒருதலைப்பட்சமாக நடப்பதும் மட்டுமே சட்ட மீறல் ஆகிவிடாது. அது ஏன் நடக்கிறது என்பதில்தான் வழக்கு இருக்கிறது. உரிமை கேட்டதற்குப் பழிவாங்கல் என்று காட்ட வேண்டும், அல்லது இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் வேறுபாடு காட்டினார்கள் என்று காட்ட வேண்டும். இந்தக் காரணங்களை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958-இன் 111-ஆம் உடன்படிக்கை பட்டியலிடுகிறது. முதலாளி மீது புகார் கொடுத்தது வேலைநீக்கத்துக்கு ஏற்ற காரணம் ஆகாது என்கிறது 1982-இன் 158-ஆம் உடன்படிக்கை. உங்கள் நாடு இவற்றை ஏற்று உறுதி செய்திருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுவதற்கு எளிய வழி தேதி வரிசை. மூன்று வருடம் ஒரு மெமோ இல்லை. 4-ஆம் தேதி கடிதம் கொடுத்தீர்கள். 9-ஆம் தேதி முதல் மெமோ, 15-ஆம் தேதி இரண்டாவது. பக்கத்து சீட்டுக்காரரும் அதே நாள் அதே அளவு தாமதமாக வந்தார், அவருக்கு மெமோ இல்லை. இதற்குப் பெயர் வைக்கும் வேலை விசாரிப்பவருடையது. நோட்டில் ‘சித்திரவதை’, ‘அராஜகம்’ என்று எழுதுவதைவிட அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, அருகில் யார் நின்றார் என்றும் குறியுங்கள்.

மெமோ வந்தால் பதில் கொடுங்கள், பதில் சொல்லாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில் தாமதமாக வராதீர்கள், சொல்லாமல் லீவ் போடாதீர்கள். உண்மையான ஒரு தவறை நீங்களே கையில் கொடுத்தால் தேதி வரிசை குலைந்துவிடும்.

7. எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பாருங்கள்

வெற்றுத் தாளில் வேண்டாம். தேதி போடாத ராஜினாமாவில் வேண்டாம். ‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம்’ என்று கனிவாகச் சொல்லும்போது, அன்றே பதில் சொல்லாமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ராஜினாமா செய்தவரும் நீக்கப்பட்டவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

வேலையை விடும்போது நீட்டும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் தாளில் ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரி எங்காவது இருக்கும். பெரும்பாலும் நடுப்பக்கத்தில். அதை மாற்ற மறுத்தால், கையெழுத்தின் மேல் ‘ஓ.டி. பாக்கி குறித்த என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இத்தொகையைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதி, படம் எடுத்து வையுங்கள். அப்படி எழுதுவது எல்லா நீதிமன்றத்திலும் காப்பாற்றும் என்று உத்தரவாதம் இல்லை. வெறும் கையெழுத்தைவிட எவ்வளவோ மேல்.

8. வெளியே புகார்

கொடுத்த கெடு முடிந்து பதில் இல்லை என்றால் அடுத்தது தொழிலாளர் துறை. சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள், அவர்களுக்கு அந்த அலுவலகத்தின் நடைமுறை தெரியும். சிங்கப்பூரில் முதலில் சமரசப் பேச்சு, அதில் முடியாவிட்டால்தான் தீர்ப்பாயம். பல நாடுகளிலும் வரிசை இதுதான். வக்கீல் எல்லா வழக்குக்கும் தேவையில்லை. வேலைநீக்கம், பெரிய தொகை, பாகுபாடு என்றால் ஒரு முறையாவது கலந்து பேசுங்கள். இலவச சட்ட உதவி மையம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார், எப்போதிருந்து வேலை, எவ்வளவு பாக்கி, எப்போது கேட்டேன், என்ன பதில், என்ன வேண்டும். அட்டவணையும் கடிதமும் நோட்டின் நகலும் இணைப்பில். அசல் நோட்டை யாரிடமும் விடாதீர்கள். மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சமரசத்தில் தொகையைக் குறைத்துக் கேட்பார்கள். எதுவரை இறங்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். என் கருத்தில், ஒரே தவணையில் உடனே கிடைக்கும் சற்றுக் குறைந்த தொகை, ஆறு தவணையில் வரும் முழுத் தொகையைவிட நல்லது. தவணைதான் என்றால் தேதிகளும், ஒன்று தவறினால் முழுப் பாக்கியும் உடனே தரவேண்டும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

9. பணம் ஏறியதும்

தொகையை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வரி, சேமநிதிப் பிடித்தம் எவ்வளவு என்று விவரச் சீட்டு கேளுங்கள். ஓ.டி. தொகையை ‘ஊக்கத்தொகை’ என்று பெயர் மாற்றிப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பாக்கி தீரவில்லை என்ற பேச்சு பிறகு அந்தப் பெயரில்தான் கிளம்பும். வேலையில் தொடர்கிறீர்கள் என்றால் இரண்டு நோட்டையும் மூடாதீர்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி சரியாக ஏறியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.